நோன்பாக ஒரு கேமரா: நாராவின் இளவேனிலில்

கேமராவைக் கையில் எடுத்தாலே மனம் அடங்கிவிடும், பூத்த மரத்தைப் படமெடுப்பதே ஒரு பிரார்த்தனை என்ற பேச்சு இப்போது பரவலாகக் காதில் விழுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தேடுவதற்கு ஜப்பானின் நாராவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கோயிலைப் படமெடுத்ததால் பக்தி வந்துவிடாது, செர்ரிப் பூவைப் படமெடுத்ததால் தியானம் கூடிவிடாது. எடுப்பவர் ஒரு கட்டுப்பாட்டை மனமொப்பி ஏற்று, அதே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து, தம் வசத்தில் இல்லாத ஒன்றுக்காகக் காத்துக் கிடந்து, கிடைத்ததைப் பிறருக்கு விட்டுச் செல்லும்போதுதான் அந்தத் தொழிலுக்கு வழிபாட்டின் குணம் வருகிறது. மனநிலை அங்கே பின்னால் வருவது. முன்னால் நிற்பது உழைப்பு. இந்த ஊரின் துறவிகளையும் படக்கலைஞர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவானது இதுதான்.

தோதாய்ஜி கோயிலின் மேட்டில் நிகாட்சுதோ என்ற மண்டபம் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1 முதல் 14 வரை ஷுனியே என்னும் நோன்பு நடக்கிறது. மக்கள் அதை ஒமிசுதோரி, அதாவது நீர் எடுக்கும் விழா, என்கிறார்கள். பதினொரு துறவிகள், பதினொரு முகம் கொண்ட கருணைத் தெய்வமான கன்னோனின் முன்னால், மனிதர் எல்லோருடைய குற்றங்களுக்காகவும் மன்னிப்புக் கேட்கிறார்கள். நாட்டின் நலத்துக்கும் விளைச்சலுக்கும் வேண்டுகிறார்கள். 752-இல் தொடங்கிய இது ஓர் ஆண்டுகூட நின்றதில்லை. 1667-இல் மண்டபமே எரிந்துபோனது; 1669-இல் திரும்பக் கட்டினார்கள்; நோன்பு மட்டும் தொடர்ந்தது. கூட்டம் வருவது பெரும்பாலும் தீப்பந்தங்களைப் பார்க்க. ஆறு மீட்டர் நீள மூங்கிலின் நுனியில் எரியும் பந்தத்தைத் தோளில் தாங்கி ஒருவர் படியேறுவார். மேலே போய்த் தாழ்வாரத்தின் விளிம்பில் அதைச் சுழற்றுவார். கீழே நிற்பவர்கள் தலையில் பொறி கொட்டும். 12-ஆம் தேதியின் பந்தங்கள் இன்னும் நீளமும் கனமுமானவை. ஆனால் இந்தத் தீ காட்சிக்காக ஏற்பட்டதல்ல. இருட்டில் படியேறும் துறவிக்கு வழிகாட்டும் விளக்கு அது. பந்தம் அணைந்து கூட்டம் கலைந்த பிறகு, மண்டபத்துக்குள் ஓதலும், மரக்காலணிகளின் ஓசையும், பலகையில் உடலை மோதி வீழ்ந்து வணங்குவதும் நள்ளிரவு தாண்டிப் போகின்றன. படமெடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ரயிலேறிவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது நோன்பின் வாசல் விளக்கின் படம் மட்டுமே.

நோன்பு தொடங்குமுன், பிப்ரவரியில், அந்தத் துறவிகள் உட்கார்ந்து காகிதத்தில் கமேலியாப் பூக்கள் செய்கிறார்கள். குசம்பப்பூச் சாயத்தில் சிவப்பும், கார்டீனியாக் காயின் சாயத்தில் மஞ்சளும் ஏற்றிய கைக்காகிதம். செய்த பூக்களை உண்மையான கமேலியாக் கிளைகளில் பொருத்தித் தெய்வத்தின் முன் வைக்கிறார்கள். பூவின் படம் வெறும் நகல்தானே, அது எப்படிக் காணிக்கையாகும் என்று கேட்பவர்களுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தச் சன்னிதியே பதில் வைத்திருக்கிறது. கை உழைத்துச் செய்த சாயலும் காணிக்கையாகும். தோதாய்ஜியில் பார்வைக்கே ஒரு சடங்கு நடந்திருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதே 752-இல் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியத் துறவி போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று ஜப்பானிய மரபு அவரைக் குறிக்கிறது. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள். தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. ஸ்தபதி கடைசியாகக் கண் திறந்த பிறகே சிலை வழிபாட்டுக்கு உரியதாகும் என்று அறிந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மேட்டின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர் இரியே தாய்கிச்சி (1905–1992). ஒசாகாவில் கேமராக் கடை வைத்திருந்தார்; பொம்மலாட்டப் பாவைகளைப் படமெடுத்துப் பெயர் வாங்கியிருந்தார். 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் கடையும் வீடும் எரிந்தன. நாராவுக்குத் திரும்பி வந்து வெறுமையாக இருந்த அந்த ஆண்டின் பிற்பகுதியில், போருக்காக வேறிடத்தில் ஒளித்து வைத்திருந்த சிலைகள் தோதாய்ஜிக்குச் சுமந்துவரப்படுவதைப் பார்த்தார். போர் இழப்பீடாக அமெரிக்கர்கள் அவற்றை எடுத்துச் செல்லப்போகிறார்கள் என்று ஒரு வதந்தியும் காதில் விழுந்தது. போவதற்குள் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று கேமரா தேடி வாங்கினார். வதந்தி பொய்யானது, சிலைகள் போகவில்லை. ஆனால் அவர் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் நாராவையும் யமாதோ சமவெளியையும் விட்டு அவர் கேமரா பெரிதாக வெளியே போகவில்லை. அதே கோபுரம், அதே வயல், அதே சிலை. மழையில், மூடுபனியில், அந்தியில், வெயில் வரும் திசைக்கு எதிரே நின்று. ஒமிசுதோரியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து எடுத்தார். சுய்மோன்-சோவில் அவர் வாழ்ந்த வீட்டை நகராட்சி 2015 முதல் மக்கள் பார்க்கத் திறந்துவைத்திருக்கிறது. தோட்டமும் இருட்டறையும் கொண்ட அடக்கமான வீடு அது. நிகாட்சுதோவுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே இடத்தை ஆயிரம் தடவை பார்ப்பதற்கு வசதியாக ஒருவர் தம் வாழ்க்கையையே அமைத்துக்கொண்டார் என்பது அந்தத் தூரத்தை நடந்தால் விளங்கும். இதைத் தொழில் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழிபாடு எதையும் எதிர்பாராதது, படக்கலைஞரோ ஒரு நல்ல படத்தை எதிர்பார்த்துத்தானே நிற்கிறார் என்று ஒரு மறுப்பு வரும். இது வலுவான மறுப்பு. ஆனால் வழிபாட்டைப் பற்றிய தவறான எண்ணத்தில் நிற்கிறது. ஷுனியே துறவிகளும் வேண்டுகிறார்கள்: மழை, விளைச்சல், நோயின்மை. வேண்டுதல் இருப்பதால் அது வழிபாடு அல்லாமல் போய்விடவில்லை. கேட்டது கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பதைத் தன் கையில் வைத்துக்கொள்ளாததுதான் அதன் அடையாளம். நாரா மலைப்பகுதியின் முரோ-ஜி கோயிலில் படக்கலைஞர் தோமோன் கென் (1909–1990) காத்திருந்தது இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. 1939-இல் முதன்முதலில் அங்கே வந்தவர். அவரை அமைதியான தியானி என்று யாரும் சொல்லமாட்டார்கள். உதவியாளர்களை விரட்டி வேலை வாங்கும் முரட்டு உழைப்பாளி. பக்கவாதம் தாக்கிச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் பெரிய கேமராவை விடவில்லை. பனி மூடிய முரோ-ஜியே மிக அழகு என்று கோயிலின் தலைமைத் துறவி சொன்னதிலிருந்து அந்தப் படம் ஒன்று அவருக்குப் பாக்கியாக இருந்தது. அந்தப் பகுதியில் பனி அடிக்கடி பெய்வதில்லை, பெய்தாலும் நிற்பதில்லை. 1978-இல் குளிர்காலம் கழிந்து, இனி இல்லை என்ற நிலையில், மார்ச் மாதத்தில், நாராவில் ஒமிசுதோரி நடந்துகொண்டிருந்த நாட்களில், முரோ-ஜியில் பனி விழுந்தது. படம் எடுத்தார். அடுத்த ஆண்டு மறுபடி பக்கவாதம் தாக்கி நினைவிழந்தவர், 1990-இல் இறக்கும் வரை எழவில்லை. சாந்தமான சுபாவம் உள்ளவருக்கு மட்டுமே கேமரா தியானமாகும் என்ற எண்ணத்தையும் தோமோன் பொய்யாக்குகிறார். சுபாவம் எப்படி இருந்தாலும், பனியை வரவழைக்க அவரால் முடியாது, காத்திருக்கத்தான் முடியும். அந்த இடத்தில் அவர் பணிந்தார்.

கேமரா கண்ணுக்கும் காட்சிக்கும் நடுவே புகுந்து நிற்கிறது என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு ஆய்வுச் சான்றே உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருள்களைவிட வெறும் கண்ணால் பார்த்த பொருள்களே மக்களுக்கு நன்றாக நினைவிருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் வேலையை விட்டுவிடுகிறது. ஆனால் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை. 2017-இல் வேறு ஆய்வாளர்கள் கண்டதும் முக்கியமானது: எதை, எப்போது எடுப்பது என்று தாமே தேர்ந்து எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டவை கூடுதலாக நினைவிருந்தன, காதால் கேட்டவை குறைந்தன. அப்படியானால் குற்றம் கருவியில் இல்லை, தேர்வு இல்லாமல் அமுக்கிக்கொண்டே போவதில் இருக்கிறது. பழைய பெரிய கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறக் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தை மூலை மூலையாகப் பார்த்துச் சரிசெய்து, பிறகு ஒரு தகட்டைச் செருகி ஒரு படம் எடுப்பார்கள். அவசரப்பட அந்தக் கருவி இடம் தராது. டிஜிட்டல் கேமராவில் அந்தத் தடை இல்லாததால், தடையை எடுப்பவரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காது விஷயத்தில் மட்டும் மறுப்பவர்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். ஷுனியே முதன்மையாக ஒலியாலான வழிபாடு. கண்ணை வியூஃபைண்டரில் வைத்தவர் ஓதலை இழக்கிறார். எடுத்து முடித்ததும் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு நள்ளிரவு வரை கேட்டுக்கொண்டு நிற்பவரைத்தான் நோன்பில் பங்கு கொண்டவராக மதிப்பேன்.

ஏப்ரலில் கூட்டம் தெற்கே யோஷினோ மலைக்கு நகர்கிறது. அங்கே ஏறத்தாழ முப்பதாயிரம் செர்ரி மரங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். பெரும்பாலும் மலைச்செர்ரி, பூவோடு செம்புநிறத் தளிரும் சேர்ந்தே விடும் வகை. பூப்பு அடிவாரத்தில் தொடங்கி, மலையின் நான்கு பகுதிகளாக, மாதக் கடைசி வரை மேலே ஏறிக்கொண்டே போகும். இந்த மரங்கள் யாரும் அழகுக்காக நட்ட தோட்டம் இல்லை. எந்நோ கியோஜா என்ற துறவி ஸாஓ கோங்கென் தெய்வத்தை செர்ரி மரத்தில் செதுக்கினார் என்ற நம்பிக்கையால், பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கன்று நட்டுக் காணிக்கை செலுத்தியதில் உண்டான காடு இது. கின்புசென்-ஜி கோயிலில் பூத்த செய்தியைத் தெய்வத்துக்கு அறிவிக்கும் விழா இன்றும் ஏப்ரலில் நடக்கிறது. விடியுமுன் மேட்டில் முக்காலியை நட்டு மூடுபனி விலகக் காத்திருக்கும் வரிசைக்கு இது தெரிந்திருந்தால், அவர்கள் லென்ஸின் முன்னால் இருப்பது பிறர் வேண்டுதல்களின் குவியல் என்பது புரியும். உதிர்வதுதான் செர்ரியின் பாடம், அதைப் படத்தில் பிடித்து வைப்பது பற்று அல்லவா என்று பௌத்தர்களே கேட்பதுண்டு. ஒருமுறை வந்து அள்ளிக்கொண்டு போகிறவரிடம் அது பற்றுதான். ஆனால் ஆண்டுதோறும் அதே மரத்தின் முன் வருபவருக்குப் போன ஆண்டின் படம் இந்த ஆண்டின் பூவுக்கு ஈடாகாது என்று தெரிந்துபோகிறது. இல்லையென்றால் திரும்ப ஏன் வருகிறார்? வேர்மண் இறுகினால் மரம் நலிவதால், மரங்களைப் பராமரிப்பவர்கள் வேரடியை மிதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நல்ல கோணத்துக்காக அந்த எல்லையைத் தாண்டுகிறவரின் படம் எவ்வளவு அழகாக வந்தாலும், அதைப் பிரார்த்தனை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கட்டுப்பாடு கலைக்குப் பகை என்ற முணுமுணுப்பு நம் ஊரிலும் உண்டு. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு தமிழகக் கோயில்களில் செல்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னபோது அது கேட்டது. நான் அந்தத் தடையின் பக்கம் நிற்கிறேன். நிகாட்சுதோவின் உள்மண்டபத்துக்குள்ளும் கூட்டத்துக்கு இடமில்லை. அங்கே வணங்கப்படும் கன்னோன் உருவத்தைத் துறவிகள்கூடப் பார்ப்பதில்லை. எடுக்கக் கூடாதது ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதிலிருந்தே இந்த நோன்பு தொடங்குகிறது. முடிவது, கிடைத்ததைப் பிறருக்கு விட்டுச் செல்வதில்: இரியே தம் படைப்புகள் அனைத்தையும் நாரா நகருக்கே கொடுத்தார். அவர் இறந்த 1992-இலேயே தகாபதகேயில், இன்று அவர் பெயரைத் தாங்கும் படக்கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மார்ச்சில் போகிறவர்கள் பகலில் அங்கே படங்களைப் பார்த்துவிட்டு, மாலையில் நிகாட்சுதோ மேட்டுக்கு ஏறலாம். கூட்டம் நெரியும் 12-ஆம் தேதியைத் தவிருங்கள். மற்ற நாட்களில் பெரும்பாலும் பந்தங்கள் ஏழு மணி அளவில் ஏறும். அவை அணைந்ததும் கிளம்பிவிடாதீர்கள்.