கால்மணி நேர வாணிகம்

பொழுது புலரும் வேளையில் சித்தியவான் கடைத்தெருவில் இரும்புக் கதவுகள் மேலேறும் ஓசை கேட்கிறது. கோயிலுக்குச் செல்வோர் பூவுக்காகவும், வேலைக்குச் செல்வோர் பசியாறுவதற்காகவும் வருமுன் கடை திறந்திருக்க வேண்டும். சரக்கு வாங்குதல், நிறுத்தல், பொட்டலம் கட்டுதல், கணக்கெழுதுதல், கடன் தண்டுதல் ஆகிய அனைத்தும் சிறு வணிகர் ஒருவரின் கையிலேயே உள்ளன. மனைவியும், பள்ளிவிட்டு வந்த பிள்ளையும் துணை நிற்பதுண்டு. இத்தகையவரிடம் விளம்பரம் செய்யுமாறு அறிவுரை கூறினால், "அதற்கு நேரம் ஏது?" என்பதே விடையாக வரும். அவ்விடையில் சோம்பல் இல்லை, உண்மை இருக்கிறது. ஆயினும் அவ்விடையோடு அமைந்துவிட்டால் கடை நிலைக்குமா?

ஒரு காலத்தில் இக்கேள்வி எழவில்லை. சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் மக்கள் லயங்களில் ஒன்றாக வாழ்ந்தனர். தோட்டத்துக் கடைக்காரர் யாரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை. அட்டையில் '555' என்று பொறித்த சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் கடனும் ஏறும். சம்பள நாளில் இறங்கும். பின்னர்த் தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை எழுந்தது. லயத்து மக்கள் தாமான்களிலும் தொலைவிலுள்ள நகரங்களிலும் குடியேறினர். ஸ்ரீ மஞ்சோங்கில் குளிரூட்டப்பட்ட பேரங்காடிகள் தோன்றின. முன்பு வாடிக்கையாளரைத் தோட்டமே சேர்த்து வைத்திருந்தது. இன்று அவர்களைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு கடைக்காரர் தலைமேல் விழுந்துள்ளது.

இதற்கு வழி யாது? பழந்தமிழர் வாணிகத்தை நோக்கின் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. கள் விற்கும் இடத்தைக் காட்டிய கொடியும் அவற்றுள் ஒன்று. கொடியை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். நாள் முழுதும் அது பேசிக்கொண்டிருக்கும். வணிகர் தம் தராசைக் கவனிக்கலாம். நேரமற்ற வணிகருக்குரிய விளம்பரத்தின் இலக்கணம் இதுவே எனலாம். அது தனி வேலையாக நில்லாமல், செய்துகொண்டிருக்கும் வேலையோடு இணைந்த சிறு பழக்கமாக இருத்தல் வேண்டும்.

சித்தியவானிலேயே இதற்குச் சான்று உண்டு. 1903ஆம் ஆண்டு மெதடிஸ்ட் திருச்சபையின் முயற்சியால் சீனாவின் பூச்சோ பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். அவர்கள் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் 'கொம்பியா' ரொட்டி சூடாக இறங்கும் வேளை அறிந்து மக்கள் கூடுகின்றனர். வேளை தவறாமையே அங்கு விளம்பரம். கம்போங் கோ மிளகாய்ச் சாறோ தான் பிறந்த ஊரின் பெயரைப் புட்டியிலேயே தாங்கி நாடெங்கும் செல்கிறது. பெயரை ஒட்டுவதற்கு ஆகும் நேரம் நொடிப்பொழுது; அப்பெயர் உழைக்கும் காலமோ நெடிது.

பூவும் பூசைப் பொருளும் விற்கும் சிறு கடை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். காலையில் பூக்கூடையை இறக்கியவுடன், அன்று வந்த பூவையும் விலையையும் கரும்பலகையில் எழுத ஐந்து நிமிடம் போதும். பகலில் வாடிக்கையாளர் கேட்டு இல்லாமற்போன பொருளை அப்போதே குறித்துக்கொள்ளலாம். இரவில் கணக்கை முடிக்கும்போது அக்குறிப்பை நோக்கி, கேட்ட பொருள் வந்துவிட்டதென்று இருவருக்கோ மூவருக்கோ செய்தி அனுப்பப் பத்து நிமிடம் ஆகலாம். ஆக, நாளொன்றுக்குக் கால்மணி நேரமே செலவாகும்.

மாதத்திற்கும் ஒரு முறைமை உண்டு. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதி. ஆகவே மாதத்தின் முதல் வாரமே செய்தி சொல்லத் தக்க வேளை. கை வறண்ட கடைசி வாரத்தில் சொல்வது வீண். ஆண்டிற்கும் அவ்வாறே. பங்கோர்த் தீவின் பத்ரகாளியம்மன் ஆலயத்தில் மாசிமகம் சிறப்பாக நடைபெறுகிறது. ஈப்போவிலிருந்து லுமுட் துறைக்குச் செல்லும் அடியார்கள் சித்தியவான் வழியே செல்கின்றனர். மாலைக்கு முன்பதிவு உண்டு என்பதை இரண்டு வாரம் முன்னரே அறிவித்த கடைக்கு அவர்கள் வருவர். விழா நாளன்று அறிவித்த கடையை அவர்கள் கடந்து போயிருப்பர். வள்ளுவர் காலமறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அரசருக்கு உரைத்த அவ்வறிவு பூக்கடைக்காரருக்கும் பொருந்துவதே.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, சிறு வணிகர் பலரைப் புலனத்தின்பால் திருப்பியது. வாட்ஸ்அப் எனும் அப்புலனத்தின் வணிகச் செயலி 2018ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்குரிய விடையை ஒருமுறை எழுதி வைத்து, வேண்டும்போது ஒரு தொடுதலில் அனுப்பலாம். பலருக்கு ஒரே வேளையில் அனுப்பும் செய்தி, கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவர்களையே சென்றடையும். எனவே, பொருளைக் கொடுக்கும்போதே "எண்ணைப் பதிந்து கொள்ளுங்கள், அம்மா" என்று பணிவோடு கேட்பது முதற்படியாகும்.

கருவி எளிதாகும்போது அளவு மீறுதலும் எளிதாகிறது. நாள்தோறும் பத்துப் படங்களை அனுப்புபவரின் செய்தியை ஒருவரும் திறவார். பழைய குறிப்பேட்டிலிருந்த கடனைப் பலர் காணும் குழுவில் நினைவூட்டினால், கடன் வரினும் வாடிக்கையாளர் வாரார். தோட்டத்துக் கடைக்காரர் யார் வீட்டில் நோய், யார் வீட்டில் திருமணம் என அறிந்திருந்தார்; அறிந்ததை அம்பலப்படுத்தாமலும் இருந்தார். அப்பண்பு இல்லாதவிடத்துக் கைப்பேசி செய்வது ஒன்றுமில்லை.

இன்னொரு நன்மையும் இதில் அடங்கியுள்ளது. கடையின் கரும்பலகையை எழுதும் பணியைத் தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். 'மல்லிகை', 'சம்பங்கி', 'வாழையிலை' எனப் பிழையின்றி எழுதப் பழகும் அச்சிறு கை, பெற்றோரின் வேலையில் ஐந்து நிமிடத்தைக் குறைக்கிறது; தெருவில் செல்வோர் கண்ணில் தமிழ் எழுத்தையும் நிறுத்துகிறது. வகுப்பறையில் கற்றது வயிற்றுப் பிழைப்புக்கும் உதவுமென அப்பிள்ளை தானே கண்டறிகிறது.

இரவில் இரும்புக் கதவு இறங்குமுன் கால்மணி நேரம் கடைக்காரருக்கு உரியது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் தன் உழைப்பால் எழுப்பிய கடை அடுத்த தலைமுறைக்கும் திறந்திருக்குமா என்பது, நாள்தோறும் அச்சிறு பொழுதை அவர் பேணுவதையும் பொறுத்தது.