உறையைக் கடைசியில் படியுங்கள்

பழைய அனிமே கேசட் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் ஜன்னலைத்தான். கறுப்புக் கூட்டின் மேலே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடி வழியே நாடாச் சுருளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். சுருளின் ஓரத்தில் மாவு பூத்தாற்போல வெண்மை தெரிந்தால் பூஞ்சை. அந்தக் கேசட் அன்றைக்கு எந்தப் பிளேயருக்குள்ளும் போகாது. பூஞ்சை ஒருமுறை ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் அடுத்து உள்ளே போகிற கேசட்டுகளுக்கும் அதைக் கொடுத்துவிடும்.

சுருள் சுத்தமாக இருந்தால் அடுத்தது அதன் பருமன். கேசட் வெளியிட்ட கம்பெனிகள் படத்துக்கு எவ்வளவு நாடா தேவையோ அவ்வளவை மட்டுமே வெற்றுக் கூட்டுக்குள் சுற்றி அடைத்தன. எனவே அரைமணி நேர ஓ.வி.ஏ. என்றால் சுருள் ஒல்லியாக இருக்கவேண்டும். (தியேட்டருக்கும் போகாமல் டி.வி.க்கும் போகாமல் நேராக வீட்டு வீடியோவுக்கென்றே எடுக்கப்பட்ட படங்களை ஓ.வி.ஏ. என்பார்கள். 1983 டிசம்பரில் ஜப்பானில் வந்த ‘டாலோஸ்’ அதில் முதலாவது.) அரைமணிப் படம் கொழுத்த சுருளில் இருந்தால், கடையில் வாங்கிய வெற்று டி-120 கேசட்டில் யாரோ பதிந்தது என்று சந்தேகப்படுவேன். அப்போது கேசட்டைத் திருப்பிப் பின்விளிம்பைத் தடவுவேன். அழித்துப் பதிவதைத் தடுக்க உடைத்துவிடும் சிறு தகடு அங்கேதான் இருக்கும். கம்பெனிக் கேசட்டுகள் பலவற்றில் அந்தத் தகடே கிடையாது, வழவழப்பான பள்ளம் மட்டும் இருக்கும். வீட்டில் பதிந்ததில் தகட்டை உடைத்திருப்பார்கள், விரலில் பிசிறு தட்டும். பெட்டி அழகான அசலாக இருந்து உள்ளே இப்படிப் பிசிறு தட்டிய கேசட்டுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒல்லிச் சுருளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வழக்கமான எஸ்.பி. வேகத்தில் டி-120 இரண்டு மணி நேரம் ஓடும். எஸ்.எல்.பி. என்ற மெதுவான வேகத்தில் அதே நாடா ஆறு மணி நேரம் ஓடும். மலிவு விலை மறுவெளியீடுகளை இந்த மெதுவான வேகத்தில் பதிந்து நாடாவை மிச்சம்பிடித்தார்கள். ஆகவே முழுநீளப் படத்தின் பெட்டிக்குள் சுருள் ஒல்லியாக இருந்தால் அது மலிவுப் பதிப்பாக இருக்கலாம். ஓடவிட்டால் பிளேயரின் முகப்பிலேயே வேகம் தெரிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உறையைப் படிக்கிறேன். உறை பொய் சொல்லும் என்பதால் அல்ல. அது வேறொரு கேசட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். 1990களில் அமெரிக்காவில் வந்த அனிமே கேசட்டுகளில் பெரும்பாலானவை ஒரே படத்துக்கு இரண்டு வடிவங்கள்: ஆங்கில டப்பிங் ஒன்று, ஜப்பானியக் குரலும் ஆங்கில சப்டைட்டிலும் கொண்டது மற்றொன்று. நாடாவில் இரண்டையும் சேர்த்துத் தந்து பார்ப்பவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வழியில்லை. சப்டைட்டில் கேசட்டுக்கு விலையும் பொதுவாக அதிகம். உறையோ ஏறக்குறைய ஒன்றேதான், முதுகில் ஒரு சொல் மட்டும் மாறும். வாடகைக் கடையில் உறையைக் கத்தரித்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகுவார்கள். கேசட் ஊர்சுற்றி வந்து இன்னொரு பெட்டியில் ஏறிக்கொள்ளும். கடை மூடப்பட்டுச் சரக்கெல்லாம் மொத்தமாக விலைபோகும்போது எது எதனோடு பிறந்தது என்று யாருக்கும் தெரியாது.

நம் சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேசட்டுகளைப் பட்டியலிடும் இந்த வேலையில் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே படம்தான். ஆனால் ஒவ்வொரு வெளியீடும் ஒரு பாடம். எந்தப் பாடம் எங்கே பிரிந்தது, எதை விட்டது, எதைச் சேர்த்தது என்று குறித்துவைப்பதுதான் எங்கள் தொழில்.

பிரிந்துபோன பாடங்களில் மிகவும் பேர்போனது மியாசாகி ஹயாவோவின் ‘நௌசிகா’. 1984இல் ஜப்பானில் வந்தபோது 117 நிமிடம். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ் அதை ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்ற பெயரில் 95 நிமிடமாக்கி வெளியிட்டது. நாயகியின் பெயர் இளவரசி சாண்ட்ரா ஆனது. கேசட் உறையில் படத்திலேயே இல்லாத ஆண்கள் வீரர்களாக முன்னே நின்றார்கள். போன 22 நிமிடத்தில் கதையின் உயிர்நாடியும் போயிற்று: நச்சுக் காடு ஏன் இருக்கிறது, அதன் அடியில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லும் பகுதிகள். மிஞ்சியது ஒரு சண்டைப் படம். பிற்காலத்தில் மியாசாகியின் ஸ்டூடியோ ஜிப்லி தன் படங்களை வெளிநாட்டுக்குக் கொடுக்கும்போது ஒரு சட்டகத்தையும் வெட்டக்கூடாது என்று பிடிவாதமாக இருந்ததற்கு இந்தக் கேசட்டின் அனுபவமே காரணம். வெட்டப்படாத ‘நௌசிகா’ டிஸ்னியின் டி.வி.டி.யாக அமெரிக்கக் கடைகளுக்கு வர 2005 ஆகிவிட்டது.

அந்த வெட்டுப் பதிப்பும் ஒன்றல்ல. பிரிட்டனில் வெஸ்ட்ரான் அதை வெளியிட்டது. 1993இல் ஃபர்ஸ்ட் இண்டிபெண்டன்ட் மறுபடி வெளியிட்டபோது பதிப்பு சற்றே நீளமாக இருந்தது. தலைப்பு ஒன்றுதான், குரல்களும் அவையேதான், ஆனால் பாடம் வேறு. உறையை மட்டும் பார்த்துப் பட்டியல் போடுபவர்கள் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். எழுதியுமிருக்கிறார்கள்.

இங்கே கடிகாரம் உங்களை ஏமாற்றும், கவனம் தேவை. சினிமாச் சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். அமெரிக்க, ஜப்பானிய என்.டி.எஸ்.சி. முறையில் சில சட்டகங்களைக் கூடுதல் நேரம் நிறுத்திக் காட்டி வேகத்தைச் சமன்செய்வார்கள். நேரம் மாறாது. பிரிட்டனின் பேல் முறையிலோ படத்தையே நொடிக்கு 25 சட்டகமாக முடுக்கிவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு நேரம் குறையும். 124 நிமிட ‘அகிரா’ பேல் கேசட்டில் ஏறக்குறைய 119 நிமிடம்தான் ஓடும். ஐந்து நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவேண்டாம், ஒரு சட்டகமும் போகவில்லை. இதற்குக் காது நல்ல சாட்சி. முடுக்கியதால் சுருதியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறியிருக்கும். ஜப்பானிய இசைத்தட்டோடு ஒப்பிட்டுக் கேட்டால் சட்டென்று பிடிபடும். எனவே நிமிடக் கணக்கை எழுதும்போது எந்த முறையில் எடுத்த கணக்கு என்பதையும் பக்கத்தில் எழுதுவது என் வழக்கம். வெட்டைச் சந்தேகித்தால் கடிகாரத்தை விட்டுவிட்டுக் காட்சிகளை எண்ணுகிறேன்.

வருடம் கண்டுபிடிப்பது தனிக் கலை. உறையின் அடியில் காப்புரிமை வருடங்கள் இரண்டு மூன்று இருக்கும்: ஜப்பானில் படம் எடுத்தது, ஆங்கிலப் பதிப்பு செய்தது, உறை வடிவமைத்தது. கேசட் அச்சான வருடம் இவற்றில் எதுவாகவும் இல்லாமல் போகலாம். நான் நம்புவது விளம்பரங்களை. படத்துக்கு முன்னும் பின்னும் வரும் டிரெய்லர்களில் மிகப் புதியது எதுவோ, அதற்கு முன்பு அந்தக் கேசட் பிறந்திருக்க முடியாது. 1993 என்று முதுகில் அச்சிட்ட ஒரு கேசட்டை ஓடவிட்டேன், கடைசியில் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ டிரெய்லர் வந்தது. அந்தப் படம் ஜப்பானிலேயே 1995இல்தான் வெளிவந்தது. அதாவது என் கையில் இருந்தது பழைய உறையில் வந்த மறுபதிவு. பெயர்கள் ஓடி முடிந்ததும் கேசட்டை நிறுத்திவிடுகிறவர்கள் இப்படிப்பட்ட சாட்சியைத் தவறவிடுகிறார்கள். நாடா தீரும்வரை, நீலத்திரை வந்த பிறகும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

குரலும் வருடம் சொல்லும். ‘அகிரா’வின் முதல் ஆங்கில டப்பிங்கை அமெரிக்காவில் கொண்டுவந்தது கார்ல் மேசெக்கும் ஜெர்ரி பெக்கும் தொடங்கிய ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ். அதில் நாயகன் கனேடாவுக்குக் குரல் கேம் கிளார்க். 2001இல் பயனியர் புதிதாக டப்பிங் செய்தபோது ஜானி யங் பாஷ். இரண்டும் கேசட்டில் உண்டு. முதல் காட்சியில் கனேடா வாயைத் திறந்ததும் எது என்று தெரிந்துவிடும், பெட்டியே வேண்டியதில்லை.

‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ இன்னும் நுட்பமானது, என் மனத்துக்கு மிக நெருக்கமானதும்கூட. டிஸ்னி 1998இல் வெளியிட்ட டப்பிங் கேசட்டில் தொடக்கத்திலும் முடிவிலும் சிட்னி ஃபாரஸ்ட் பாடிய ஆங்கிலப் பாட்டுகள் இருக்கும். அசலில் மௌனமாக இருந்த இடங்களில் பால் சிஹாரா சேர்த்த இசை ஒலிக்கும். கறுப்புப் பூனை ஜிஜிக்குக் குரல் கொடுத்த ஃபில் ஹார்ட்மன், அசலில் இல்லாத வரிகளைப் போகிறபோக்கில் சொல்லிக்கொண்டே வருவார். கேசட் கடைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் இறந்துபோனார். 2010இல் வந்த டி.வி.டி.யில் அந்த வரிகளில் பலவற்றை எடுத்துவிட்டு ஜப்பானியப் பாட்டுகளைத் திரும்பவும் வைத்தார்கள். அசலுக்கு நெருங்கியது என்ற அளவில் அது சரியான முடிவுதான். ஆனால் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பார்த்துச் சிரித்த பாடம் நாடாவில்தான் தங்கியிருக்கிறது. மௌனத்தை நிரப்பிய அந்த இசை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் அந்தக் கேசட்டை யாராவது குப்பையில் போடப் போனால் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

கம்பெனிப் பெயரே இல்லாத கேசட்டுகளும் வரும். 1980களின் இறுதியிலிருந்து அமெரிக்க ரசிகர்கள் ஜப்பானிய லேசர் டிஸ்க்குகளை வாங்கி, அமிகா கணினியில் சப்டைட்டில் ஏற்றி, கேசட்டாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். வெற்று நாடாவும் திரும்பி அனுப்பத் தபால் செலவும் போதும், லாபம் வைக்கக்கூடாது என்பது அவர்கள் நெறி. படத்தை ஒரு கம்பெனி முறையாக வாங்கிவிட்டால் பிரதி கொடுப்பதை நிறுத்தினார்கள். இவற்றை அடையாளம் காண எழுத்துருவும் மொழிபெயர்ப்பும் உதவும். எத்தனையாவது பிரதி என்பதை நிறம் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பிரதியிலும் சிவப்பு தன் கோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் வழியும். நாலாவது பிரதியில் நாயகியின் ரிப்பன் கன்னத்தில் கசிந்து நிற்கும். கம்பெனிக் கேசட்டிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்த பிரதி என்றால் படம் இருண்டு வெளுத்து மூச்சுவிடுவதுபோல் இருக்கும், மாக்ரோவிஷன் பூட்டின் வேலை அது. ஆனால் பூட்டு எல்லாக் கேசட்டிலும் கிடையாது. ஆகவே படம் சீராக இருப்பதை வைத்து மட்டும் அசல் என்று தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஒரு தவறைச் சொல்லவேண்டும். தொடங்கிய காலத்தில் நான் கேசட்டுகளைச் சுத்தம் செய்வேன். வாடகைக் கடை ஒட்டியிருந்த சீட்டுகளைச் சூடுகாட்டி உரித்து, பசையைத் துடைத்து, புதிதுபோல் ஆக்கிவைப்பேன். ஒரு சப்டைட்டில் கேசட்டில் அப்படிச் செய்தபோது கடைச் சீட்டோடு அதன் அடியிலிருந்த கம்பெனிச் சீட்டும் கிழிந்து வந்தது. அது டப்பிங் உறையைச் சப்டைட்டில் கேசட்டுக்குப் பயன்படுத்தியபோது வெளியீட்டாளர்களே ஒட்டிய திருத்தச் சீட்டு. அந்த வெளியீட்டை மற்றதிலிருந்து பிரித்துக்காட்டும் ஒரே வெளி அடையாளத்தை என் கையாலேயே அழித்தேன். அன்றிலிருந்து எதையும் உரிப்பதில்லை. அழுக்கோடு படம் எடுக்கிறேன், தூசியை மட்டும் தட்டுகிறேன்.

வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி ஓடுவதெல்லாம் பழைய பிளேயர்கள், ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டுகிறோம். உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் வீட்டு அலமாரியிலோ இப்படி ஒரு கேசட் இருந்தால், எவ்வளவு மட்டமான வெட்டுப் பதிப்பாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். உறையின் எல்லாப் பக்கத்தையும், கேசட்டின் முகத்தையும் முதுகையும் பின்விளிம்பையும் படம் எடுங்கள். ஓடவிட முடிந்தால் முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் பதிந்து வையுங்கள். சீட்டு எதையும் உரிக்காதீர்கள்.