மிளகைக் காக்கும் தார்ப்பாயே மிளகைக் கெடுக்குமா? கொல்லிமலையின் பனிக்கால வாசல்கள்

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்ததும், பலரும் ஆகாய கங்கை அருவிக்கோ அறப்பளீஸ்வரர் கோயிலுக்கோ நேரே வண்டியை விடுவார்கள். தை, மாசியில் போகிறவர்கள் வழியிலுள்ள வீட்டு வாசல்களையும் பாருங்கள். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிகளிலிருந்து பறித்த மிளகு, தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருக்கும்.

100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால், மிஞ்சுவது சுமார் 33 கிலோதான். அதில் கறை விழுந்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்?

பகலில் பிரச்னை இல்லை. வெயில் சாய்ந்ததும் மலையில் பனி இறங்கும். காயும் மிளகு நனையாமலிருக்க, மேலே இன்னொரு தார்ப்பாயைப் போட்டு, ஓரத்தில் கல் வைத்து இறுக்கி மூடுவார்கள். வினையே அங்கேதான். பாதி காய்ந்த மிளகு உள்ளே சூட்டோடு ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். குளிரில் சில்லிட்ட பிளாஸ்டிக்கில் அது முத்து முத்தாக வியர்த்து, மிளகின் மேலேயே சொட்டும். இப்படியே இரண்டு மூன்று இரவு போனால் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்துவிடும். பனி நனைத்திருந்தால்கூட மறுநாள் வெயில் காயவைத்திருக்கும்!

மலைக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஈரப் பாயைச் சுருட்டி உறை போட்டால் கரும்புள்ளி விழும். மட்டமான உறை என்றால் அதன் சாயமும் பாயில் ஏறும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பறித்த மிளகை ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்தால், அழுக்கு போகும், சீராகக் கறுக்கும், சீக்கிரமும் காயும். பகலில் மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். மாலையில் வாரி வீட்டுக்குள் வைப்பதே நல்லது. இடமில்லையா? மிளகின் மேல் சாயம் போகாத பருத்தித் துணி, அதற்கு மேலே கழி நட்டுக் கூரைபோல் தூக்கிக் கட்டிய தார்ப்பாய், பக்கவாட்டில் காற்றுப் போக வழி. காலையில் தார்ப்பாயின் அடிப்பக்கத்தைத் துடைத்த பிறகுதான் மறுபடி மிளகைப் பரப்ப வேண்டும்.

சோளக்காடு சந்தையில் மிளகு வாங்கும்போது, ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை அடித்தால் வேண்டாம். நன்றாகக் காய்ந்த மிளகு பல்லில் வைத்ததும் 'கடக்'கென்று உடையும். அடுத்த நொடி கண்ணில் தண்ணீர் வரும்.