ஆறு கிழமைக்கு ஒரு நாய்

எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதாக ஊரில் கதை. பள்ளிவாசல் வாசலிலும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வளர்க்கவில்லை, ஆறு கிழமை வைத்திருந்தோம். ஏன் வைத்திருந்தோம் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. நாங்களே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். பங்குனி மாதம் ஒரு நாள் இடைவேளையில், கென்டீன் பின்பக்கம் நாய் ஒன்று கத்தும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், கையில் கல். மதிலோரம் மண்ணிற நாய்க்குட்டி ஒன்று முன்னங்கால் தொங்க நின்றது. நாலைந்து மாதம் இருக்கும்.

முந்தின கிழமைதான் அதே வகுப்பில், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரின் ஹதீஸைப் படிப்பித்திருந்தோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வருவது. கல்லெறிந்தவர்களில் ஒருவன் அந்தப் பாடத்துக்குப் பத்துக்குப் பத்து எடுத்தவன். அவனுடைய கொப்பியில் நாங்கள் போட்ட சரி அடையாளம் அன்று முழுக்கக் கண்ணுக்குள் நின்றது. செய்து கற்பதுதான் கல்வி என்று கலாசாலையில் பக்கம் பக்கமாகப் பரீட்சைக்கு எழுதிவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

எங்களோடு கணிதம் படிப்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனார். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களை எடுத்துச் சுகப்படுத்தி, ஆள் பார்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். வீட்டில் அப்போதே ஏழு நாய். கால் உடைந்துவிட்டது, ஆறு கிழமை கட்டு, விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று என்று வந்து சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "என்ட வளவுல பெரிய நாயள் இதக் கடிச்சுப் போடும் டீச்சர். கட்டு அவிழ்க்கும் வரைக்கும் உங்கட பின்வளவில வெச்சிருக்க ஏலுமா?" என்றார். எங்களிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்க வேறு ஆள் இல்லை.

நாங்கள் இருப்பது உம்மா சீதனமாகத் தந்த வீடு. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். உம்மாவைக் கேட்காமல் அங்கே ஒரு முருங்கைக் கம்புகூட நட ஏலாது.

"நாய வளவுக்க வெச்சா மலக்குமார் வருவாங்களா புள்ள?" என்றார் உம்மா. அதோடு விட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னார். சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களாம். நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் கையில்தான் போடுகிறார்கள், இலவசம் என்றெல்லாம் சொன்னோம். உம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். இத்தனை வருஷமாக மார்க்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்த பயம் அது.

மௌலவி ஒருவரிடம் போனோம். திட்டுவார் என்றே நினைத்தோம். அவர் நிதானமாகச் சொன்னார்: ஆசைக்கு வளர்க்க எடுக்காதீங்க. காயப்பட்டதுக்குத் தீனும் தண்ணியும் குடுக்கிறது நன்மை. வீட்டுக்குள்ள விடாதீங்க. மந்தைக்கோ வயலுக்கோ காவல் தேவைப்படுறவர் கிடைச்சா குடுத்திடுங்க. காய்ந்த உடம்பு பட்டால் பரவாயில்லை, ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேணும், ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். "சவர்க்காரம் போட்டா போதாதா ஹஸ்ரத்?" என்று கேட்டதற்குச் சிரித்தார். ஷாபிஈ மத்ஹபில் மண்தான்.

கிணற்றடிக்கு அப்பால், தென்னைக்குக் கீழே பழைய கோழிக்கூட்டைத் திருத்தினோம். தனி உடுப்பு, தனிச் செருப்பு, தனிப் பேசின். ஒரு வாளியில் சுத்தமான கடற்கரை மண். சுபஹுக்கு முன்னும் அஸருக்குப் பின்னும் சாப்பாடு. நக்கிவிட்டால் எண்ணி எண்ணிக் கழுவுவோம். முதல் கிழமை எரிச்சலாக இருந்தது. பிறகு, சோக்கட்டித் தூசைக் கழுவுகிற மாதிரிப் பழகிவிட்டது. சொல்லப்போனால் கழுவுவது கஷ்டமே இல்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

பெயர் வைக்கக் கூடாது என்று மகனுக்குச் சொல்லியிருந்தோம். பெயர் வைத்தால் கொடுக்க மனம் வராது. அவன் இரகசியமாகப் 'பிட்டு' என்று வைத்திருந்தான். காலையில் மிஞ்சிய பிட்டைத் தின்றதாம்.

கல்லெறிந்த மூன்று பேரையும் நாங்கள் அடிக்கவில்லை, பெற்றோரைக் கூப்பிடவுமில்லை. பின்னேரங்களில் வந்து தண்ணீர் மாற்றச் சொன்னோம். இருவர் இரண்டு நாளோடு நின்றுவிட்டார்கள். ஒருவரின் தகப்பன் வந்து, நாயிடம் பிள்ளையை அனுப்புகிற டீச்சர்மாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கத்திவிட்டுப் போனார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது, முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். பத்துக்குப் பத்து எடுத்தவன் மட்டும் கடைசி வரைக்கும் வந்தான். ஒரு நாள் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "இது என்ட கல்லா, அவன்ட கல்லா டீச்சர்?" என்று கேட்டான். தெரியாது என்றோம். உண்மையில் தெரியாது.

நாலாம் கிழமை ஓர் இரவு பெருமழை. படுத்துக் கிடந்த உம்மா, "அது நனையுதா?" என்றார். போய் உரபேக் ஒன்றைக் கட்டிவிட்டு வந்தோம். வேறொன்றும் பேசவில்லை.

கட்டு அவிழ்த்த பிறகு, ஆலையடிவேம்புப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஐயா ஒருவரை அந்த ஆசிரியை பிடித்துத் தந்தார். வட்டைக்குள் வாடி. இரவில் யானை வரும், நாய் குரைத்தால்தான் மனிதர் எழும்பித் தப்பலாம். ஐயா சாக்கு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். பிட்டு அதற்குள் போக மறுத்து மகனின் காலடியில் வந்து படுத்தது. அவன் அழுதான். நாங்களும்தான், எழுத வெட்கமாக இருக்கிறது. கடைசியில் சாக்கை வீசிவிட்டு ஐயா மடியில் வைத்துக்கொண்டு போனார். மகன் அன்று எங்களோடு சாப்பிடவில்லை. பிடிக்காததால்தானே கொடுத்தீர்கள் என்ற அவன் கேள்விக்குச் சொன்ன பதில் எதுவும் அவனுக்குப் போதவில்லை.

மறுநாள் பாடசாலை விட்டு வந்தால், கிணற்றடியில் உம்மா அந்தப் பேசினை மண் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். எறியப் போகிறார் என்று நினைத்தோம். கவிழ்த்துக் கோழிக்கூட்டுக்கு மேலேயே வைத்தார்.

அந்த ஆசிரியையிடம் இன்னும் இரண்டு குட்டிகள் இருக்கின்றன, தடுப்பூசி போட்டாயிற்று. வயலில் வாடியோ, பட்டியோ வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள். படம் கேட்காதீர்கள், மகன் தர மாட்டான்.