சாவி என்னிடமே இருந்தது

அபராதம் கட்டியது நான் இல்லை. கட்ட வைத்தது நான். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஓசூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகளுக்காக ஒரு மென்பொருள் எழுதினேன். டெலிவரி சலான் அடிக்கும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு திரும்பி வந்ததா என்று கணக்கு வைக்கும். ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டியில் சிக்கல் என்பதால் நாள் நெருங்கும்போது நினைவூட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. லேத்தில் கடைந்த பின்களும் புஷ்களும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு பொம்மசந்திரா போகும். ஜுஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். டிரைவருக்கு அது ஒரு டீ குடிக்கும் தூரம். ஜிஎஸ்டி எண்ணில் நமக்கு 33, அவர்களுக்கு 29.

மென்பொருளைத் திறமூலமாக வைத்தேன். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருப்பித் தரலாம். பதினேழு பட்டறைகள் எடுத்துக்கொண்டன. அது எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியது.

பிறகு அதைப் பெரிதாக்க ஆசை வந்தது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் 'இன்குபேட்டர்' என்று ஓர் ஏற்பாடு 2002 முதல் இருக்கிறது. அடைகாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய திட்டம் அங்கே வழிகாட்டிகளின் கண்காணிப்பில் வளரும். ஒரு வெளியீடு செய்வதென்றால்கூடக் குழு ஓட்டுப் போட வேண்டும். குறைந்தது மூன்று ஆதரவு ஓட்டு, வழக்கமாக 72 மணி நேரம். நிரல் நன்றாக இருப்பது மட்டும் போதாது. ஒருவர் விலகினாலும், ஒரு நிறுவனம் கைவிட்டாலும் திட்டம் தாக்குப்பிடிக்குமா என்று பார்ப்பார்கள். சிறுகடன் கணக்குக்கான ஃபினெராக்ட் 2015 டிசம்பரில் உள்ளே போய் 2017 ஏப்ரலில் வெளியே வந்தது. அதன் வேரான மைஃபோஸ், கிராமீன் அறக்கட்டளை தொடங்கியது. பெண்கள் சுய உதவிக் குழுக்களை அரசு 1989இல் தொடங்கிய தருமபுரி மாவட்டத்தில் அப்போது எங்கள் கிருஷ்ணகிரியும் சேர்ந்தே இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் சந்தா எழுதிய அத்தைமார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் ஃபினெராக்ட் மீது எனக்குத் தனிப் பிரியம்.

அந்த அளவுகோலை எடுத்து என் திட்டத்தை நானே அளந்தேன். உரிமம் சரி. கையேடு எழுதினேன். வெளியீட்டு முறை வகுத்தேன். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: என்னைத் தவிர இன்னும் சிலரிடம் சாவி, அதாவது திருத்தங்களைச் சேர்க்கும் உரிமை, இருக்க வேண்டும். அதை மட்டும் செய்யவில்லை. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

2024 ஏப்ரலில் ஒரு திருத்தம் வந்தது. நான்கே வரி. அனுப்பியவர் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு பட்டறையில் கணக்கு எழுதும் பெண். நிரல் எழுதுவதைத் தானாகவே கற்றுக்கொண்டவர். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில், அதாவது சரக்கு எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு, கேட்கும்படி நான் எழுதியிருந்தேன். அது பொது விதி. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஜிஎஸ்டி விதி 138இலேயே இருக்கிறது. 33இலிருந்து 29க்குப் போனால் தொகையைப் பார்க்காமல் எச்சரி என்று அவர் மாற்றியிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விதியை எடுத்துப் படித்தேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது, அவர் சொல்வது சரி. இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தெரியாமல் நடந்த தவறு அந்தப் பத்தாவது நிமிடத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தெரிந்து செய்தது.

எல்லையில் வாழ்பவர்களுக்கென்றே மென்பொருள் எழுதியதாகப் பீற்றிக்கொண்டவன் நான். எல்லையைப் பற்றிய விதியே எனக்குத் தெரியவில்லை. அதை ஒரு கணக்கர் வந்து சொல்கிறார். ஒரு பெண் சொல்கிறார் என்பதும் உறுத்தியது. அதையும் மறைக்கப் போவதில்லை.

"மாறிகளின் பெயர்கள் சரியில்லை, மாற்றி அனுப்பவும்" என்று பதில் போட்டேன். இரண்டே நாளில் மாற்றி அனுப்பினார். "சோதனை நிரலும் வேண்டும்" என்றேன். என் நிரலில் பாதிக்கு மேல் சோதனை கிடையாது. அவர் எங்கோ பார்த்துக் கற்று அதையும் எழுதி அனுப்பினார். "சார், இன்னும் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டார். நான் பதில் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து, திட்டத்தைச் சேர்ந்து பராமரிக்க உதவட்டுமா என்று கேட்டார். அதற்கும் எழுதவில்லை.

அதற்கு ஒரு சாக்கும் வைத்திருந்தேன். அந்த மார்ச் மாதக் கடைசியில்தான் எக்ஸ்இசட் என்ற திறமூல மென்பொருளின் விவகாரம் வெடித்திருந்தது. தனியாளாகப் பராமரித்துச் சோர்ந்திருந்த ஒருவரிடம், ஜியா டான் என்ற பெயரில் யாரோ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கை பெற்று, பின்வாசல் ஒன்றை வைத்துவிட்டார்கள். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துப் பிடித்தார். 'பார்த்தீர்களா, கண்டவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது' என்று எல்லாரிடமும் சொன்னேன். நான்கு வரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத நான்கு வரி. எனக்கு இருந்தது பாதுகாப்பு பற்றிய பயம் அல்ல. இன்னொருவர் வந்தால் இது என்னுடையதாக இருக்காதே என்ற பயம்.

ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். நிரலைவிடச் சமூகம் பெரிது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அப்பாச்சிக்காரர்களின் வாசகம் அது. கைதட்டினார்கள். அந்தப் பெண்ணின் கடிதம் என் பெட்டியில் கிடந்தது.

ஜூலையில் அது நடந்தது. எங்கள் மென்பொருளை முதன்முதலில் எடுத்துக்கொண்ட பட்டறைக்காரர். இரண்டு லேத், ஒரு சிஎன்சி, மூன்று ஆட்கள். குட்டியானையில் 32,000 ரூபாய்ச் சரக்கை பொம்மசந்திராவுக்கு அனுப்பினார். சலான் எங்கள் மென்பொருளில் அடித்தது. இ-வே பில் பற்றி அது வாயே திறக்கவில்லை. அத்திப்பள்ளி தாண்டி வண்டியை நிறுத்தினார்கள். வரி 18 சதவீதம், 5,760 ரூபாய். அபராதம் அதன் இரு மடங்கு, 11,520. அதிகாரிகள் மேல் தவறில்லை. விதி அது.

மூன்றாம் நாள்தான் வண்டி வெளியே வந்தது. டிரைவர் இரண்டு இரவு வண்டியிலேயே படுத்திருக்கிறார். சரக்கு ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து திரும்புவதற்குள் கெடு தாண்டியது. அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனது. மூன்று ஆட்களில் ஒருவரை அவர் நிறுத்திவிட்டார். அந்த ஆளை எனக்குத் தெரியும். போனால் எனக்கு டீ வாங்கி வருவார்.

பட்டறைக்காரர் போன் செய்தார். கத்தவில்லை. "என்ன தம்பி, உங்க சாஃப்ட்வேர் சொல்லலையே" என்றார். "பார்க்கிறேன் அண்ணா" என்றேன். மூன்று மாதமாகத் தெரியும் என்று சொல்லவில்லை.

அன்றிரவு செய்ததுதான் இன்னும் கேவலம். அந்தப் பெண் அனுப்பியிருந்த திருத்தத்தைச் சேர்த்திருந்தால் போதும். ஒரு பொத்தான். ஆனால் சேர்த்தால் தேதி தெரியும், ஏப்ரலிலேயே வந்தது வெளிப்படும். அதனால் அதே நான்கு வரியை நானே புதிதாகத் தட்டி, என் பெயரில் ஏற்றினேன். அவருடையதை 'ஏற்கெனவே சரிசெய்யப்பட்டது' என்று மூடினேன். மறுநாள் அவர் ஒரு சொல் எழுதியிருந்தார்: "சரி." அதன்பிறகு அவர் எதையும் அனுப்பவில்லை.

பட்டறைக்காரரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. பணத்தோடு போனேன். கேட்டுவிட்டு லேத்தை ஓடவிட்டார். பணத்தை வாங்கவில்லை. இப்போது கார்பன் தாள் வைத்த சலான் புத்தகத்தில் கையால் எழுதுகிறார். அந்தப் பெண்ணுக்கும் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை. பதில் எதிர்பார்க்க எனக்கு என்ன தகுதி என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்று சாவி மூவரிடம் இருக்கிறது. அவர்களில் நான் இல்லை. நன்றிப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரை முதலில் போட்டிருக்கிறோம். ஆனால் மாற்றப் பதிவேட்டைத் திறந்தால், அந்த நான்கு வரிக்கு எதிரே இன்றும் என் பெயர்தான் இருக்கிறது.