மகளைத் தேடும் வழியில் ஒரு வாணலி

வளர்ப்பு மகளைக் காணோம் என்று ஒருவன் புறப்படுகிறான். அவளை ஒரு பேய்ப்படை துரத்திக்கொண்டிருக்கிறது. அந்த மனிதனைத்தான் மூன்று இரவுகள் ஒரு சத்திரத்து மேசையில் உட்கார வைத்துச் சீட்டாடவிட்டேன்.

போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' கேமைச் சொல்கிறேன். நாயகன் கெரால்ட் கூலிக்குப் பூதம் கொல்பவன். மகள் பெயர் சிரி. ஒயிட் ஆர்ச்சர்ட் என்ற சின்னக் கிராமத்தில் ஒரு பாட்டி, பூட்டிய குடிசைக்குள் கிடக்கும் தன் வாணலியை எடுத்துத் தரச் சொல்கிறாள். மறுக்க மனம் வரவில்லை. அப்புறம்தான் க்வெண்ட் என்ற அந்தச் சீட்டாட்டம் பிடித்துக்கொண்டது. நான் ஆடி முடிக்கும்வரை பேய்ப்படையும் எங்கோ குதிரைகளைக் கட்டிப்போட்டுவிட்டுக் காத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். கதை பதறுகிறது, கடிகாரம் பதறுவதில்லை. இந்த வகை கேம்களின் பழைய நோய் இது.

கடிகாரத்தை ஓடவிட்டவர்களும் உண்டு. 1997-இல் வந்த 'ஃபால்அவுட்'டில், பாதாள அறையில் வாழும் சனங்களுக்குத் தண்ணீர் தரும் எந்திரத்தின் சில்லைக் கண்டுபிடிக்க 150 நாள்தான். அதை ஆடியபோது யாரிடமும் நின்று பேசவில்லை. கடன்காரனைக் கண்டவன்போல ஊர் ஊராக ஓடினேன். பதற்றம் உண்மையாக இருந்தது, ஊர்கள்தான் மனத்தில் தங்கவில்லை. 'பெர்சோனா 5' இன்னும் கண்டிப்பு. டோக்கியோவில் பள்ளி மாணவனாக ஒவ்வொரு நாளையும் எண்ணிச் செலவிட வேண்டும். இரவில் வெளியே கிளம்பினால், கூட இருக்கும் பூனை, போய்த் தூங்கு என்கிறது. என் அம்மாவே அத்தனை தடவை சொன்னதில்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மறுபடி கெரால்ட்தான். வேலன் என்ற சதுப்புநிலத்தில் ஒரு குடிகாரப் படைத்தலைவன் இருக்கிறான். பிளடி பேரன் என்பார்கள். சிரி அவனிடம் தங்கிப் போயிருக்கிறாள். அதைச் சொல்ல அவன் கேட்கும் விலை, ஓடிப்போன அவன் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துத் தருவது. ஒரு துப்பு கொண்டுபோனால் சிரியைப் பற்றி ஒரு துண்டுக் கதை. அந்தத் துண்டுக்கு நான் சிரியாகவே மாறி ஓடுகிறேன், சண்டையிடுகிறேன். பிறகு மறுபடி சேறு, மழை, அவன் வீட்டு அழுக்கு. முதலில் எரிச்சலாக இருந்தது. அவன் மனைவியை அடித்தவன் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும்போதுதான் தாமதத்தின் வேலை புரிந்தது. ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அவனை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அத்தனை நடந்தபிறகு வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அங்கே நான் சீட்டாடப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேம் என்னைத் தடுக்கவில்லை, எனக்கே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஃபாஸ்ட் டிராவலைக் குறைத்துக்கொண்டேன். கைகாட்டி மரத்திலிருந்து கைகாட்டி மரத்துக்குத் தாவினால் ஊர் வரும், வழி வராது. குதிரையிலேயே போனேன். பாதி நேரம் அது வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

நடுவில் வேலை மிகுந்து நாலு மாதம் தொடவில்லை. திரும்பத் திறந்தால், திரையில் டான்டிலியன் என்ற பாடகனின் குரல் இதுவரை நடந்த கதையைப் படபடப்போடு சொல்கிறது. எந்தப் பட்டன் வாளை உருவும் என்பதுகூட மறந்திருந்தது. மகள் ஆபத்தில் இருக்கிறாள், சரி. சத்திரக்காரனிடம் புதுச் சீட்டு ஏதாவது விலைக்கு இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.