ஆமை முதுகில் ஒரு சிலுவை

“நம்ம ஊர்ல தடுக்கி விழுந்தாலே கல்வெட்டுதானே சார்? அதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார் கோயம்புத்தூர்க்காரர். குழு மொத்தமும் சுட்டமண் படைவீரர்களைப் பார்க்கப் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. சீனாவின் ஷியானுக்கு வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். நான் வயிற்றைக் காரணம் காட்டி நழுவினேன். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. முந்தின இரவு சாப்பிட்ட, இடுப்பு வார் அகலத்துக்கு இழுத்த நூடுல்ஸையே அது சமாளித்திருந்தது.

உண்மைக் காரணத்தைச் சொன்னால் பஸ் கிளம்பத் தாமதமாகியிருக்கும். நான் வளர்ந்தது பரங்கிமலை அடிவாரத்தில். நான் வேதக்காரன் இல்லை. ஆனால் கூடப் படித்தவனோடு அந்தப் படிகளில் ஏறாத விடுமுறை கிடையாது. மேலே கோயில் பீடத்தில் ஒரு கருங்கல் சிலுவை. 1547-ல் போர்ச்சுகீசியர்கள் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. அதைச் சுற்றிலும் ஏதோ கிறுக்கல் ஓடும். பூவேலை என்றே நினைத்திருந்தேன். அது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. இயேசுவின் சீடர் தோமா அந்த மலையில் உயிர்விட்டார் என்பது மரபு. அந்தக் கல்லோ பாரசீகத்தோடு உறவுள்ள கிறிஸ்தவர்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. அதே பாரசீகத் திருச்சபையிலிருந்து இன்னொருவர் நேர் எதிர்த்திசையில், நிலவழியாகச் சீனாவுக்குப் போனார். அவரைப் பற்றிய கல்லைத் தேடித்தான் இந்தப் பொய்.

தெற்குக் கோட்டைவாசலில் இறங்கி, தூரிகையும் மையும் விற்கும் தெரு வழியாக நடந்தால் பெய்லின் வந்துவிடுகிறது. கல்வெட்டுக் காடு என்று அர்த்தம். பெயரில் மிகை இல்லை. 1087-ல் தொடங்கிய சேகரிப்பு. கன்பூசிய நூல்களையெல்லாம் 837-ல் 114 கற்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓலையைச் செல் அரித்தது, வெள்ளம் கொண்டுபோனது என்று புலம்பியே வளர்ந்த நமக்கு அங்கே கொஞ்சம் பொறாமை வரும்.

நான் தேடி வந்தது இரண்டாவது கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. 279 சென்டிமீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல். அடியில் ஒரு கல் ஆமை அதைச் சுமக்கிறது. உச்சியில் ஒன்பது பெரிய எழுத்துகள்: தாச்சின் நாட்டின் ஒளி மார்க்கம் சீனத்தில் பரவியதன் நினைவுக்கல். தாச்சின் என்பது ரோமானியக் கிழக்குக்குச் சீனர் வைத்த பெயர். அந்த எழுத்துகளுக்கும் மேலே, கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் தெரிகிற இடத்தில், உள்ளங்கை அளவில் ஒரு சிலுவை. கீழே மேகம், தாமரை. பரங்கிமலைச் சிலுவையின் அடியிலும் இதழ் விரியும். இரண்டையும் பார்த்த கண் என்னுடையது என்பதில் காரணமில்லாத பெருமை ஒன்று வந்தது.

கல் சொல்லும் கதை இது. 635-ல் அலோபென் என்ற துறவி வேத நூல்களைச் சுமந்துகொண்டு, அன்று சாங்கான் என்றழைக்கப்பட்ட இந்த நகரத்துக்கு வருகிறார். பேரரசர் தாய்ட்சோங் தன் மூத்த அமைச்சர் ஃபாங் சுவான்லிங்கைக் காவல் பரிவாரத்தோடு மேற்குப் புறநகருக்கே அனுப்பி வரவேற்கிறார். நூல்கள் அரண்மனை நூலகத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. மூன்று ஆண்டு கழித்து, 638-ல், இந்த மார்க்கத்தைப் பரப்பலாம் என்று ஆணை. மடம் கட்ட இடமும் 21 துறவிகளுக்கு அனுமதியும் கிடைக்கின்றன.

வரவேற்புப் பகுதியை நான் முழுசாக நம்பவில்லை. கல்லை நட்டது 781-ல், 146 ஆண்டு கழித்து, அலோபெனின் ஆட்களே. தாத்தா கல்யாணத்துக்குக் கலெக்டர் வந்த கதை தலைமுறைக்குத் தலைமுறை எப்படி வளர்கிறது என்று நமக்குத் தெரியாதா? ஆனால் ஆணை உண்மை. அது அரசு ஆவணத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். கல்லில் அவர் தாச்சின் நாட்டுப் பெரியவர். ஆவணத்தில் பாரசீகத் துறவி.

ஊரை மாற்றிச் சொல்லக் காரணம் இருந்தது. அலோபென் இங்கே கால் ஊன்றிய சில ஆண்டுகளுக்குள் அரபுப் படைகள் பாரசீகத்தைச் சாய்த்துவிட்டன. 651-ல் கடைசி மன்னர் கொலையானார். அவருடைய மகன் பெரோஸ் அடைக்கலம் தேடி இதே சாங்கானுக்கு வந்து சேர்ந்தார். பரப்ப வந்தவருக்குப் பின்னால் திரும்பிப் போக அந்தப் பழைய நாடே இல்லை. 745-ல் பாரசீக மடங்கள் என்ற பெயரை தாச்சின் மடங்கள் என்று மாற்ற அரசாணையே வந்தது.

இன்னொரு தற்செயலும் உண்டு. அலோபெனை வரவேற்றதாகச் சொல்லப்படும் அதே ஃபாங் சுவான்லிங்தான், பத்து ஆண்டு கழித்து 645-ல் சீனப் பௌத்தத் துறவி யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து திரும்பியபோதும் தலைநகரப் பொறுப்பில் இருந்தார். யுவான் சுவாங் நம் காஞ்சிபுரம் வரை வந்தவர். காஞ்சித் தெருவை மிதித்த கால்களையும் பாரசீகத்திலிருந்து நடந்த கால்களையும் பார்த்த ஒரு அரசு அதிகாரி! அவர் நாட்குறிப்பு எழுதியிருந்தால் நான் சுட்டமண் படை மொத்தத்தையும் அதற்கு ஈடாகக் கொடுப்பேன்.

கல்லின் வாசகத்தை எழுதியவர் ஜிங்ஜிங். சிரியாக் மொழியில் அவர் பெயர் ஆதாம். சுமார் 1,800 சீன எழுத்துகள், ஓரங்களிலும் அடியிலும் சிரியாக் வரிகள். சாமர்த்தியக்காரர். மடத்துக்குப் புத்த விகாரையின் சொல்லையே எடுத்துக்கொள்கிறார். மாதா கோயில், பூசை, வேதம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது உறுத்தாது. இயேசு பிறந்தபோது ஒளியைக் கண்டு காணிக்கையோடு வந்தவர்கள் பாரசீகர்கள் என்று ஊர்ப் பாசத்தை நுழைத்துவிடுகிறார். பேரரசர்களுக்கோ வரிசையாகப் புகழ்மாலை. சிலுவைச் சாவைப் பற்றி வெளிப்படையாக ஒரு வரி இல்லை. சிலுவையையே சீனத்தில் பத்து என்ற எண்ணின் எழுத்தாகத்தான் சொல்கிறார். அந்த எழுத்து கூட்டல் குறி போலவே இருக்கும். அதைக் கொண்டு நான்கு திசைகளும் வகுக்கப்பட்டன என்கிறார். தண்டனை பெற்றுச் செத்த ஒருவரை அரசவையில் தெய்வமாக அறிமுகப்படுத்துவது எளிதில்லை என்று புரிகிறது. ஆனாலும் ராஜ விசுவாசம் கொஞ்சம் தூக்கலாகவே படுகிறது எனக்கு.

இதே ஆதாம் பிறகு இந்தியப் பௌத்தத் துறவி பிரஜ்ஞரோடு சேர்ந்து ஒரு பௌத்த சூத்திரத்தையும் மொழிபெயர்த்தார். ஆதாமுக்குச் சமஸ்கிருதம் தெரியாது. பிரஜ்ஞருக்குச் சீனம் வராது. பேரரசர் அதை ஏற்கவில்லை. பௌத்த நூற்பட்டியல் இதைக் கொஞ்சம் எரிச்சலோடு பதிந்து வைத்திருக்கிறது.

கல்லில் என்னை அதிக நேரம் நிறுத்தியது ஒரு தேதி. திருச்சபைத் தலைவராக ஹனானிஷோ இருந்த காலத்தில் நட்டது என்று போட்டிருக்கிறார்கள். உண்மையில் அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். முதலாம் திமோத்தேயு பதவிக்கும் வந்தாயிற்று. சாவுச் செய்தி இன்னும் பாலைவனத்தில் எங்கோ ஒட்டகத்தின் மேல் வந்துகொண்டிருந்திருக்கும்.

845-ல் பேரரசர் வூட்சோங் வெளிநாட்டு மார்க்கங்களை ஒடுக்கியபோது இந்த மடங்களும் கலைந்தன. 987 வாக்கில், சீனாவுக்குப் போய்த் திரும்பிய நஜ்ரான் துறவி ஒருவர் அங்கே கிறிஸ்தவர்கள் அழிந்துபோனார்கள் என்று சொன்னதைப் பாக்தாத்தில் இப்னு அல்-நதீம் குறித்துக்கொண்டார். கல் மண்ணுக்குள் போனது. 1620-களில் யாரோ தோண்டும்போது வெளியே வந்தது. இயேசு சபையினர் கொண்டாடினார்கள். இது அவர்களே செய்த மோசடி என்று வோல்டேர் கிண்டலடித்தார். 1907-ல் ஒரு டென்மார்க்காரர் கல்லையே கப்பலேற்றப் பார்த்து, கடைசியில் நகல் ஒன்றோடு போனார். அந்தக் கலவரத்தில்தான் மூலக்கல் பெய்லினுக்குள் பத்திரமானது.

பக்கவாட்டில் துறவிகளின் பெயர்கள். அவற்றின் மேலேயே, 1859-ல் வந்த ஹான் தாய்ஹுவா என்பவர் தான் வந்துபோன சேதியைப் பெரிய எழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார். மாமல்லபுரத்துப் பாறைகளில் இதயம் வரைகிற நம் ஆட்களை இனிமேல் அவ்வளவு கடுமையாகத் திட்டமாட்டேன்.

திரும்பும் வழியில் தூரிகைத் தெருக் கடையொன்றில் அந்தக் கல்லின் தலைப்பகுதியை அச்சடித்த புத்தகக் குறி கிடைத்தது. கையிலெடுத்து, விலை என்ன என்று சைகையில் கேட்டேன். கடைக்கார அம்மாள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினார். சிலுவை! நான் கிறிஸ்தவனா என்று கேட்கிறார் என்று நினைத்து, இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் என்பதை எப்படிக் கையால் சொல்வது என்று தடுமாறினேன். தலையை ஆட்டினேன். அவர் விலை படியவில்லை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, விரல்களை இன்னும் அழுத்திக் குறுக்கே வைத்தார். பிறகு சலித்துப்போய், கல்லாவிலிருந்து ஒரு பத்து யுவான் நோட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.